எங்கே எப்படியோ, அங்கே அப்படியே

நாளிதழின் ஒன்பதாம் பக்கத்தில்,
கண் சிகிச்சை முகாமுக்கும் காலமானாருக்கும் நடுவே இருந்தது.
காட்பாடி கல்புதூர், மூன்றாம் தளம், ஒரு படுக்கையறை,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.
நான்கெல்லையும் போட்டிருந்தார்கள்:
வடக்கே படிக்கட்டு, கிழக்கே எஃப் நான்கு,
தெற்கே ஆகாயம், மேற்கே ஆகாயம்.

கொசப்பேட்டையில் தொடங்கி ஓட்டேரி வரை
பதினோரு வாடகை வீடுகள்.
எதற்கும் ஆகாயம் எல்லையாக இருந்ததில்லை.

கடன்தாரர் பெயர் முனவ்வர் பாஷா.
வாசித்தேன்.
வாசித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இரவுப் பணி முடித்து நேராகப் பார்க்கப் போனேன்.
மே மாதம், பதினொன்றரை மணி.
பூட்டின்மேல் வைத்த அரக்கு முத்திரை
வெயிலில் இளகி அதிகாரியின் கட்டைவிரலில் ஒட்டியது.
அதைக் கதவிலேயே துடைத்துவிட்டுச் சொன்னார்:
"எங்கே எப்படி இருக்கோ அங்கே அப்படியே, மேடம்.
நாளைக்குக் குழாய் ஒழுகுதுன்னு எங்களைக் கேக்கக் கூடாது."
சமையலறையில் ஓர் ஆணி.
ஆணியில் குக்கர் வளையம்,
இப்போதுதான் கழுவி மாட்டியதுபோல.

முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
"ஒரே வில்லங்கம்தாம்மா, அந்த பேங்குதான்"
என்றார் பத்திரம் எழுதுகிறவர்,
நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.
நல்ல சேதிதான்.

ஏலம் என்றால்
ஒரு தரம், இரண்டு தரம் என்று யாராவது கூவுவார்கள்,
நாலு பேர் முகம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.
சித்தூர் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே
ஒரு கம்ப்யூட்டர் கடை.
பக்கத்து நாற்காலியில் ஒரு பையன்
ஹால் டிக்கெட் அச்செடுத்துக்கொண்டிருந்தான்.
திரையில் இரண்டு எண்கள்.
ஒன்று நான்.

பதிமூன்று எண்பதில் தொடங்கியது.
இருபதாயிரம் இருபதாயிரமாக ஏறினோம்.
கடைசி நிமிடத்தில் யாராவது தொட்டால்
கெடு இன்னும் ஐந்து நிமிடம் நீளும்.
மூன்று முறை நீண்டது. மூன்று முறையும் அவர்தான்,
பத்து விநாடி மிச்சமிருக்கும்போது.
எவனோ கைதேர்ந்த புரோக்கர், விளையாடுகிறான் என்று
பல்லைக் கடித்தேன்.

பதினைந்து இருபது என்றார்.
பதினைந்து நாற்பது என்றேன்.
எதிரே ஒரு பேருந்து நிரம்பி, கண்டக்டர் விசில் ஊதி, கிளம்பியது.
திரை பச்சையானது.
மேசையை ஓங்கித் தட்டினேன்.
பையன் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

குடிவந்த மூன்றாம் வாரம்,
மோட்டார் போட வந்த ஏகாம்பரம் சொன்னார்:
"அன்னிக்கி உங்க கூட மல்லுக்கு நின்னது யார்னு தெரியுமா?
பாஷா பாயோட மச்சான்தான்.
பேர்ணாம்பட்டுல அங்க இங்க துட்டு பொரட்டினு வந்தாரு.
கட்சீல பத்தல."

அப்படியானால் அந்தப் பத்து விநாடிகள்
விளையாட்டு இல்லை.
ஒவ்வொரு முறையும் யாரோ யாருக்கோ
போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்:
இன்னும் ஓர் இருபது கிடைக்குமா?

ரத்த வங்கியில் பைக்கு எண் ஒட்டுவது என் வேலை.
கொடுத்தவர் பெயரை மேலே எழுதுவதில்லை.
பத்தொன்பது வருடம் அது ஒரு ஒழுங்கு என்றிருந்தேன்.

வீட்டு வரி நான்கு அரையாண்டு பாக்கி.
வரிசையில் நின்று கட்டினேன்.
ரசீதில் அவர் பெயர்.
மின்கட்டணமும் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது.
மாற்ற மனு வாங்கி வந்து பிரிட்ஜின்மேல் வைத்திருக்கிறேன்.
அந்த வளையம் என் குக்கருக்குச் சேரவில்லை.

யாராவது கேட்டால் சொல்ல
வருத்தமாக ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது.
ஆனால் கணக்கு இதுதான்:
அவர் பதினைந்து அறுபது என்று சொல்லியிருந்தால்
நான் பதினைந்து எண்பது என்றிருப்பேன்.
பதினாறு வரை போகத் துணிந்துதான்
சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

சாயங்காலம் தெற்கு ஆகாயத்தில் புடவை காய்கிறது.
ஜங்ஷனில் ரயில் வந்தால் ஜன்னல் கம்பி அதிர்கிறது.
குழாய் ஒழுகத்தான் செய்கிறது.
யாரையும் கேட்கவில்லை.